பீரோவுக்குத் திரும்பாத புரொஜெக்டர்

ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறையில் ஒரு பீரோ இருந்தது. அதிகாரிகள் வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற பீங்கான் கோப்பைகள் அதற்குள் சொகுசாகக் குடியிருந்தன. ஒருநாள் அவற்றின் பக்கத்தில் புது புரொஜெக்டர் ஒன்றை வைத்துப் பூட்டினார்கள். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை.

"நம்முடையது ராஜ வாழ்க்கை," என்றது ஒரு கோப்பை. "உடம்பில் ஒரு கீறல் உண்டா, பார்."

"நான் பிள்ளைகளுக்காக வந்தவன். கீறல் விழட்டும்," என்றது புரொஜெக்டர்.

ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை கற்பகவல்லி அடிக்கடி வந்து கேட்பார்.

"இதயம் எப்படித் துடிக்குதுன்னு பசங்க கேக்குறாங்க சார். போர்டுல வரைஞ்சா துடிக்க மாட்டேங்குது. ஒரு பீரியடுக்குக் குடுங்களேன்."

"உடைஞ்சா யாரும்மா பதில் சொல்றது?" என்பார் தலைமையாசிரியர் தணிகாசலம். சாவி அவர் சட்டைப்பையை விட்டு வெளியே வராது. உள்ளே புரொஜெக்டருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. புரொஜெக்டரை ஏழாம் வகுப்பில் கொண்டுவந்து வைத்தார்கள். படம் தெரிந்ததும் கைதட்ட வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியிருந்தார்கள்.

தேநீரோடு தட்டில் வந்த கோப்பை கெஞ்சியது. "அஞ்சு நிமிஷம் எரிந்துவிடு. இல்லாவிட்டால் உன்னைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்."

"போடட்டும். இன்றைக்கு எரிந்தால் நாளைக்கு மறுபடி பூட்டுதான். எரிய மாட்டேன்."

தணிகாசலம் தட்டிப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் செருகினார், வியர்த்து வழிந்தார். சொன்னதை மறக்காத பிள்ளைகள் வெறும் சுவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

அவர் போனதும் 'பழுது' என்று சீட்டு ஒட்டி, அதே வகுப்பின் மூலையில் ஒடிந்த பெஞ்சுகளோடு அதைப் போட்டார்கள்.

"இனிமே நாங்க தொடலாமா சார்?" என்றார் கற்பகவல்லி.

"கெட்டுப்போனதுதானே. என்னமோ பண்ணுங்க."

மறுநாள் கற்பகவல்லி அதை ஒரு பெஞ்சில் தூக்கி வைத்து மின்சாரம் கொடுத்தார். சுவர் நிறைய இதயம் துடித்தது. கைதட்டச் சொல்லித்தந்தது ஒருவருக்கும் நினைவில் இல்லை.

"ரத்தம் வந்த வழியாவே திரும்பிப் போயிடாதா டீச்சர்?" என்றாள் பர்வீன்.

"போகாது. உள்ள விட்டதும் மூடிக்கிற கதவு இருக்கு. நீயும் தாமரையும் கதவு. மத்தவங்க ரத்தம். வாங்க."

வெளிச்சத்துக்குள் பிள்ளைகள் ஓடினார்கள். யாரோ வயரில் தடுக்க, புரொஜெக்டர் பெஞ்சிலிருந்து விழுந்து மூலை தெறித்தது. தூக்கி வைத்தார்கள். அது எரிந்துகொண்டே இருந்தது.

சத்தம் கேட்டுத் தணிகாசலம் வந்து நின்றார்.

"இது கெட்டுப்போனதாச்சே."

"ஆமா சார். உங்க பீரோவுலதான் கெட்டுக் கெடந்துச்சு," என்றார் கற்பகவல்லி.

தணிகாசலம் சாவியை எடுத்துக்கொண்டு புரொஜெக்டரை நோக்கி நடந்தார். குறுக்கே பர்வீனும் தாமரையும் கைகோத்து நின்றிருந்தார்கள்.

"நகருங்கம்மா."

"நாங்க கதவு சார்," என்றாள் பர்வீன். "உள்ள வந்ததைத் திரும்பப் போக விட மாட்டோம்."