கைமாற்று வாங்கத் தெரியாத இருவாச்சி

நல்லமுத்து என்ற இருவாச்சியும் அவன் மனைவி வடிவும் ஆற்றைக் கடந்து புதுக் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பழைய மலையில் பெரிய மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். இருவாச்சி பெரிய பறவை. பெரிய மரத்தில் பெரிய பொந்து இருந்தால்தான் முட்டையிட முடியும். அந்தப் பொந்தைத் தானாகக் குடைந்துகொள்ளவும் தெரியாது. அவ்வளவு பெரிய மூக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இருவாச்சியிடம் மட்டும் கேட்காதீர்கள், வருத்தப்படும்.

புதுக் காட்டில் பொந்துகள் எல்லாம் மரங்கொத்தியின் பொறுப்பில் இருந்தன. அவருடைய பாட்டன் முப்பாட்டன் கொத்தி வைத்தவை. நாளாக ஆக உளுத்து அகலமாகிவிட்டன. கேட்பவர்களுக்கு ஒரு பருவத்துக்கு இரவல் கொடுப்பார். பருவம் முடிந்ததும் காலி செய்துவிட வேண்டும்.

நல்லமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்ப் பொந்து கேட்டான். இந்தக் காட்டில் யாரிடமாவது எப்போதாவது கைமாற்று வாங்கியிருக்கிறீர்களா என்று மரங்கொத்தி விசாரித்தார்.

"நானா? பிறந்ததுல இருந்து ஒருத்தர்கிட்டயும் மூக்கை நீட்டினதில்ல" என்றான் நல்லமுத்து.

பழைய மலையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மூக்கை நீட்டாதவன் என்று பெயர் எடுத்தவனுக்கு வீடு தேடி வந்து பெண் கொடுப்பார்கள். வடிவின் அப்பா அப்படித்தான் கொடுத்தார். இங்கே மரங்கொத்தி கிளையில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நீங்க திருப்பிக் குடுப்பீங்களா, மாட்டீங்களான்னு யாருக்குத் தெரியும் அண்ணாச்சி?"

நல்லமுத்துவுக்கு இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே தெரியாது. எங்கள் மலைக் கரடியிடம் கேட்டுப் பாருங்கள், என்னைப் பற்றி நாள் முழுக்கச் சொல்லுவார் என்றான். கரடி சொன்னால் அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் செல்லும், இந்தப் பக்கம் கரடியையே யாருக்கும் தெரியாதே என்றார் மரங்கொத்தி.

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பயம் வேறு. இருவாச்சிப் பெண் பொந்துக்குள் போனால் வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்வாள். மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடுவாள். குஞ்சு வளரும்வரை வெளியே வரமாட்டாள். புருஷன்தான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும். முன்பு ஒரு தடவை ஒரு புருஷன் பாதியில் பறந்துபோய்விட்டான். பொந்தும் போயிற்று, உள்ளே இருந்தவர்களும் போனார்கள். அந்த மரத்தின் பக்கம் மரங்கொத்தி இன்றைக்கும் போவதில்லை.

"உங்களைப் பத்தி இந்தக் காட்டுல யாராவது ஒருத்தர் சொல்லட்டும், தாரேன்" என்று அனுப்பிவிட்டார்.

நல்லமுத்து அத்திமரத்து மலையணிலிடம் போனான். நான் நல்லவன் என்று மரங்கொத்தியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றான்.

மலையணில் வாலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். "நீங்க நல்லவராத்தான் இருப்பீங்க அண்ணாச்சி. ஆனா எங்கிட்ட நீங்க ஒண்ணும் வாங்கலையே. நான் எதைப் பாத்துச் சொல்ல?"

வேறு வழியில்லை. நல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு அத்திப்பழம் கைமாற்றுக் கேட்டான். மலையணில் கொடுத்தாள். வாங்கின பழம் அவனுக்கு நெருப்பாகச் சுட்டது. ஒரு கடன் தலைமேல் இருக்கும்போது எப்படி நிம்மதியாக ஒரு கிளையில் உட்காருவது? அந்த மரத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் திரும்பி உட்காருவதற்குள் பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். கூடவே இன்னொரு பழமும் வைத்தான். அவர்கள் மலையில் பாத்திரம் இரவல் வாங்கினால் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள், உள்ளே ஏதாவது வைத்துத்தான் கொடுப்பார்கள். மரியாதை.

மலையணில் இரண்டு பழங்களையும் பார்த்தாள். தான் கொடுத்தது ஒன்றுதானே, இது எதற்கு என்று யோசித்தாள். வாங்கிய பழத்தை அவன் வைத்திருக்கவே இல்லை என்பதையும் யோசித்தாள். தன்னிடம் வாங்கப் பிடிக்காமல் மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போகிறான் என்று முடிவு செய்தாள். மரங்கொத்தி விசாரித்தபோது அதையே சொன்னாள்.

இந்தச் சமயம் பார்த்து மரநாய் வந்தது. காட்டில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் மரநாய் முதல் ஆளாக வரும். "மச்சான், ஒருத்தர்கிட்ட வாங்கினா ஒரு சாட்சி. ஊர் பூரா வாங்கினா ஊர் பூரா சாட்சி. இதுகூடத் தெரியாதா?" என்றது. யோசனைக்குக் கூலியாக நல்லமுத்துவும் வடிவும் சேர்த்து வைத்திருந்த பழங்களில் பாதியை அங்கேயே தின்றுவிட்டது.

அன்றைக்கே நல்லமுத்து கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் போனான். மிளா மானிடம் உப்பு மண் கேட்டான். குரங்கிடம் பலாச்சுளை கேட்டான். முள்ளம்பன்றியிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு முள் கேட்டான். பொழுது சாய்வதற்குள் காடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அந்த மூக்குக்காரனுக்கு என்னவோ பெரிய கஷ்டம், கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஓடப்போகிறான் என்றார்கள். கொடுத்தவர்கள் அப்போதே வந்து திருப்பிக் கேட்டார்கள். முள்ளம்பன்றியும் வந்து முள்ளை வாங்கிக்கொண்டு போயிற்று.

மறுநாள் நல்லமுத்து மரங்கொத்தியிடம் போய், சாட்சிக்கு மரநாய் இருக்கிறது என்றான்.

"மரநாயா?" என்றார் மரங்கொத்தி. "எங்கிட்ட வாங்கின பொந்துல அவரு இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்காரு. போன வருசமே காலி பண்ணியிருக்கணும்."

நல்லமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான். ஊர் கெட்டுப் போய்விட்டது, நேர்மைக்கு இங்கே மதிப்பில்லை என்று புலம்பினான். வடிவு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிறு கனக்கத் தொடங்கியிருந்தது. பயமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"முட்டைக்கு உங்க பெருமையெல்லாம் தெரியாதுங்க. அது வார நேரம் வந்துரும். நான் அதைக் காத்துலயா வைக்க?"

வடிவே மலையணிலிடம் போனாள். ஒரு அத்திப்பழம் வேண்டும், பிறை தெரிகிற அன்றைக்குத் தருகிறேன் என்றாள். வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே தின்றாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். மலையணிலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அதன்பிறகு நல்லமுத்து தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு தவித்தான். இப்போதே கொடுத்துவிடலாமே என்று நச்சரித்தான். வடிவு அசையவில்லை. பிறை தெரிந்த அன்றைக்கு ஒரு பழம் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பின்னாலேயே நல்லமுத்து இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். வடிவு அதைக் கீழே தட்டிவிட்டாள். வாங்கியது ஒன்றுதான், கொடுப்பதும் ஒன்றுதான் என்றாள்.

அடுத்து அவள் இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டாள். மலையணிலின் கூட்டுக்குக் கீழே காற்றும் மழையும் படாத கிளை ஒன்று சும்மா கிடந்தது. முழுநிலா வரைக்கும் அதில் தங்கிக்கொள்கிறோம் என்றாள். மலையணில் சம்மதித்தாள்.

கிளை சுகமாக இருந்தது. நல்லமுத்து அங்கே வந்தபிறகுதான் சரியாகத் தூங்கினான். ஆனால் முழுநிலா அன்றைக்கு மதியமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. வடிவு கிளையில் கிடந்த சருகுகளைத் தள்ளிச் சுத்தம் செய்தாள்.

"இந்த மழையிலயா? நாளைக்குப் போனா யாரு கேக்கப் போறா?" என்றான் நல்லமுத்து.

"யாரும் கேக்கமாட்டாங்க. சொன்ன நாள் இன்னைக்குத்தானே."

இருவரும் மழைக்குள் பறந்து போய் எதிரில் இருந்த மொட்டை மரத்தில் உட்கார்ந்தார்கள். நனைந்து பாதியாகிவிட்டார்கள். மலையணில் கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். மழைக்குத் திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டாள். இவர்கள் வரவில்லை. மழை விட்டதும் அவள் கூட்டை விட்டு இறங்கி நேராக மரங்கொத்தியிடம் போனாள். இருவாச்சிகளும் ஈரச் சிறகோடு பின்னாலேயே போனார்கள்.

மரங்கொத்தி மலையணிலைப் பார்த்து, "வாங்கினாங்களா?" என்றார்.

"வாங்கினாங்க."

"குடுத்தாங்களா?"

"சொன்ன நாள்ல குடுத்தாங்க."

நல்லமுத்து காத்திருந்தான். தன் குணத்தைப் பற்றியும், தன் குடும்பத்தைப் பற்றியும் அவள் இன்னும் ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மரங்கொத்தியும் அதற்குமேல் கேட்கவில்லை. மேற்குப் பக்கத்துப் பெரிய மரத்தில் ஒரு பொந்தைக் காட்டினார்.

வடிவு உள்ளே போனாள். நல்லமுத்து மண் கொண்டுவந்து கொடுக்க, உள்ளே இருந்து பூசிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு கீறல்தான் மிஞ்சியது. அதன் வழியாகப் பேசினாள்.

"ஏங்க, இனி றெக்கையெல்லாம் உதிர்ந்துரும். நானா வெளிய வர முடியாது. மறந்துராதீங்க."

"என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா வடிவு?"

"தெரியும். இருந்தாலும் காலையில வந்துருங்க."

நல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. மரங்கொத்தி கேட்டதும் இதைத்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யாருக்கும் கடன்படாதவன் என்று சொல்லித் திரிந்தவனிடம் ஒருத்தி தன் உயிரையும், இன்னும் பிறக்காத ஒன்றின் உயிரையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். இதை ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துத் தொலைத்துவிட முடியாது. கூட ஒரு பழம் வைத்தும் ஈடு கட்ட முடியாது. விடியும்போதெல்லாம் வரவேண்டும்.

காலையில் வந்தான். மறுநாளும் வந்தான். மழையிலும் வந்தான், பழம் கிடைக்காத நாளில் ஒரு பூச்சியோடு வந்தான். குஞ்சு வெளியே வந்து, வடிவுக்குப் புதுச் சிறகு முளைத்ததும், பொந்தைச் சுத்தம் செய்து ஒப்படைத்தார்கள். மரங்கொத்தி உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். தரையைத் தட்டிப் பார்த்தார்.

"சரி" என்றார். "அடுத்த வருசத்துக்கு இதை வேற யாருக்கும் சொல்லாம வெச்சிருக்கேன்."

புது ஊரில் நல்ல பெயர் வாங்க விரும்புகிறவர், முதலில் சின்னதாக ஏதாவது வாங்கிச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.