பயப்படாதே, நானிருக்கிறேன்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சை முடிந்த கையோடு, வெளியாள் நுழையக் கூடாத பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, சைக்கிள் ஸ்டாண்டில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார் டியூஷன் குணசீலன் சார். கையில் அவரே தயாரித்த விடைக்குறிப்பு.

சண்டையெல்லாம் ஒரு மார்க் கேள்விக்குத்தான். புயலடிக்கும் இரவில் பிள்ளையை அணைத்துக்கொண்டு, "பயப்படாதே, நானிருக்கிறேன்" என்கிறாள் ஒரு தாய். அவளிடம் வெளிப்படுவது துணிவா, அச்சமா?

"துணிவு!" என்று எல்லோரும் கத்தினார்கள். சாரின் தாளிலும் அதுதான்.

"நான் அச்சம்னு போட்டேன் சார்," என்றாள் ஜெனிட்டா. அவரிடம் சம்பளமில்லாமல் படிக்கிறவள்.

"பயப்படாதேன்னு சொல்றவளே பயந்தாளாக்கும்! சும்மா சொல்லிக்கொடுத்தா என்னையே திருத்துவியா? இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளைக்கு இங்கிலீஷ் கிளாசுக்கு வராதே."

ஜெனிட்டா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "சார், கேட்டுல வந்து நிக்கிறது பறக்கும் படை ஜீப்பா?"

சாரின் முகம் வெளுத்தது. விடைக்குறிப்பு கசங்கிச் சட்டைக்குள் போனது. பிள்ளைகள் மிரண்டுபோய் அவரை ஒட்டி நின்றார்கள்.

"யாரும்... யாரும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல!" என்றார், குரல் நடுங்க.

வந்து நின்றது பேக்கரி வேன்.

"இப்ப நீங்க சொன்னது துணிவா சார், அச்சமா?"

சிரிப்பு வெடித்தது. சார் தலையைக் குனிந்துகொண்டார். ஜெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை.

"ஆனா நீங்க சொன்னதுக்கப்புறம்தான் சார் இவங்களுக்கு உசிரே வந்துச்சு. கேள்வியில வர்ற அந்தப் பிள்ளையும் அப்படித்தான் தூங்கியிருக்கும்."

சார் கசங்கிய தாளை எடுத்து நீவி, அந்த ஒரு விடையை மட்டும் அடித்துத் திருத்தினார்.

"நாளைக்கு நேரத்தோட வந்துரும்மா," என்றார்.