மேலிருந்து சொன்ன மரியாதை

ஒரு காட்டில், ஆறு வற்றி வெறும் மணலாகக் கிடந்த ஒரு கோடையில், ஓர் அணிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மருத மரத்தில் ஏறும். பாதியில் நின்று வாலை வெடுக்வெடுக்கென்று ஆட்டும். இறங்கும். மறுபடியும் ஏறும். பொந்துக்குள் அதன் குட்டிகள் பசியில் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. தாய்க்கே குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது பால் எங்கிருந்து சுரக்கும்?

தண்ணீர் இல்லாமல் இல்லை, பிள்ளைகளே. அந்த மரத்துக்கு நேர் கீழேதான் இருந்தது. டெய்சி என்ற யானை ஆற்று மணலைக் காலால் பறித்து, தும்பிக்கையால் அள்ளிப் போட்டு, ஓர் ஊற்றுத் தோண்டி வைத்திருந்தது. ஆனால் ஊற்றை விட்டு நகராமல் நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடவில்லை.

டெய்சி காட்டிலேயே வளர்ந்த யானை அல்ல. ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸில் வளர்ந்தது. சர்க்கஸ் தொழில் படுத்துவிட்டதும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் கூடாரத்தில் அதற்குத் திட்டு விழுந்ததெல்லாம் தமிழில். "வெரி குட், டெய்சி!" என்று பாராட்டு விழுந்ததெல்லாம் ஆங்கிலத்தில். அதனால் யாராவது தமிழில் வாயைத் திறந்தாலே, திட்டத்தான் போகிறார்கள் என்று அதற்கு உடம்பு விறைத்துவிடும்.

அன்று காலை ஒரு மான் தயங்கித் தயங்கிப் போய், "அம்மா, ஒரு வாய் தண்ணி..." என்றதுதான் தாமதம். டெய்சி தும்பிக்கை நிறைய மணலை வாரி அதன் மூஞ்சியில் அடித்தது. மான் தும்மிக்கொண்டே ஓடிவிட்டது.

தமிழில் கேட்டால் மணல்தான் கிடைக்கும் என்று பார்த்த அணிலுக்குப் பதற்றம் இன்னும் கூடிப்போயிற்று. மரத்துக்கு மரம் தாவிக் கிளியிடம் ஓடியது.

கிளி, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடந்த ஒரு வீட்டில் கூண்டில் இருந்துவிட்டுத் தப்பி வந்தது. தன்னை விட்டால் இந்தக் காட்டில் படித்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரியும்.

"கிளியக்கா, கிளியக்கா! டெய்சியம்மாகிட்ட மரியாதையா ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லணும். நல்லதா ஒண்ணு குடு. சின்னதா குடு. சீக்கிரம் குடு!"

"பறக்காதே. 'ஹேட்ஸ் ஆஃப் டு யூ'ன்னு சொல்லு. தொப்பியைக் கழட்டி மரியாதை பண்றேன்னு அர்த்தம்."

"என்கிட்ட ஏது தொப்பி? பொய் சொல்றேன்னு நினைச்சுக்குவாங்க. வேற குடு."

"அப்படின்னா, 'ஐ ரெஸ்பெக்ட் யூ.' உங்களை மதிக்கிறேன்."

"ஐ சஸ்பெக்ட் யூ."

"ஐயையோ! அது, உங்க மேல எனக்குச் சந்தேகம்னு அர்த்தம். மிதிச்சே போட்டுடுவாங்க!"

அணில் மறுபடி சொல்லிப் பார்த்தது. இருந்த அவசரத்தில் நாக்கு வழுக்கி வழுக்கி சஸ்பெக்ட்டிலேயே போய் விழுந்தது.

"சரி, அதை விடு. இதைச் சொல்லு. 'ஐ லுக் அப் டு யூ.'"

"லாக்கப்பா? போலீஸ் லாக்கப்பா? அவங்களைப் பிடிச்சு அடைக்கவா?"

"லாக்கப் இல்லடி, லுக் அப்! உங்களை அண்ணாந்து பாக்குறேன். ஆனா அது மேலோட்டமான அர்த்தம்தான். உள்ளுக்குள்ள என்னன்னா..."

உள்ளுக்குள் என்ன என்று கேட்க அணில் அங்கே இருந்தால்தானே! அது நாலு மரம் தாண்டிப் போயிருந்தது.

மருத மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்று ஊற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அணில் அதன் நுனியில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது.

'நான் இருக்கிறது மேலே. டெய்சியம்மா நிக்கிறது கீழே. நான் எங்கே அண்ணாந்து பாக்குறேன்? குனிஞ்சுல்ல பாக்குறேன்! தொப்பி மாதிரி இதுவும் பொய்யாகிடுமே.'

டெய்சி தூக்கத்தில் பழக்கதோஷத்தால், "ஸ்டாண்ட் அப், சிட் டவுன்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுவதையும் உட்காருவதையும் அணில் பார்த்திருக்கிறது. அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே. இது தெரியாதா என்ன? தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை மாற்றி, உரக்கச் சொன்னது:

"ஐ லுக் டவுன் டு யூ!"

அசைந்துகொண்டிருந்த டெய்சியின் காதுகள் நின்றன.

சர்க்கஸில் காலரி என்று உயரமாகப் பலகை அடித்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து ஆயிரம் பேர் சிரிப்பார்கள். கீழே டெய்சி குட்டி ஸ்டூலின் மேல் ஏறி நின்று சலாம் போடும். காட்டுக்கு வந்தும் அதே கதையா என்று அதற்கு நெஞ்சு கொதித்தது. திரும்பி நின்று, காலால் மணலைத் தள்ளித் தள்ளி ஊற்றை மூடத் தொடங்கியது.

கிளி படபடவென்று பறந்து வந்தது. "அடிப்பாவி! என்னடி சொல்லித் தொலைச்சே?"

"இருக்கிறதைத்தானே சொன்னேன்! குனிஞ்சு பாக்குறேன்னேன்."

"கெட்டுது போ! லுக் டவுன்னா இளக்காரமா பாக்குறேன்னு அர்த்தம். லுக் அப்னாதான் உங்களை உயர்வா நினைக்கிறேன்னு அர்த்தம். அதைச் சொல்றதுக்குள்ள ஓடிட்டியே!"

அணிலுக்கு உயிரே போய்விட்டது. கிளையில் குதித்துக் குதித்துக் கத்தியது. "ஐ லுக் அப் டு யூ! ஐ லுக் அப் டு யூ!"

சொல் இப்போது சரிதான். ஆனால் டெய்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேலேயிருந்து கத்துகிறவர்களை அது நிறையப் பார்த்துவிட்டது. ஊற்றில் மணல் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குத்தான் ஈரம் மிச்சம். பொந்துக்குள் குட்டிகளின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது.

அணில் தலைகீழாக மரத்தை விட்டு இறங்கியது. சுடுமணலில் ஓடி, அந்தப் பெரிய கால்களுக்கு நடுவே புகுந்து, டெய்சியின் நகத்துக்கு முன்னால் போய் நின்றது. ஓடி ஓடியே பழகிய அது, வாலைக்கூட ஆட்டாமல் நின்றது. மிதித்தால் சட்னிதான், பிள்ளைகளே.

அண்ணாந்து பார்த்தது. மேலேயிருந்து பார்த்தபோது வெறும் கறுத்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் கால், அதற்கு மேல் தும்பிக்கை, அதற்கும் மேலே எட்டாத உயரத்தில் ஒரு சின்னக் கண். கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. 'அழ வச்சுட்டேனே' என்று அணில் நினைத்துக்கொண்டது.

கழுத்து வலிக்க வலிக்க அந்தக் கண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னது.

"ஐ லுக் அப் டு யூ."

மணல் தள்ளத் தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு அணில் மேல் படாமல் தள்ளிப் போய் ஊன்றியது. தும்பிக்கை கீழே இறங்கி வந்து அணிலை மோந்து பார்த்தது. ஊற்றில் விழுந்த மணலை ஒவ்வொரு பிடியாக அள்ளி வெளியே போட்டது. தண்ணீர் கலங்கிக்கொண்டு மேலே வந்தது.

அந்தக் காட்டுக்கு வந்ததிலிருந்து தமிழில் ஒரு வார்த்தை பேசாத டெய்சி, அப்போது பேசியது.

"குடிம்மா. மெதுவா குடி."

நீதி: மரியாதைச் சொல்லின் பொருளைப் பொறுமையாகக் கேட்டுக்கொள், சொல்லும்போது இறங்கி வந்து சொல்.