லியோன் வீட்டு ரொட்டி

துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்டிருந்த வசந்தகாலம் அது. பகலெல்லாம் பீரங்கி மதிலை இடித்தது. இடிந்த இடத்தை அடைக்க நகரத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் கல் சுமந்தார்கள். கன்னியாஸ்திரீகளும் சுமந்தார்கள்.

மக்ரீனா அம்மாள் ஒரு சின்ன மடத்தின் தலைவி. அந்த மடத்தின் கூரையில் ஒரு காலத்தில் ஈயத் தகடு வேய்ந்திருந்தது. யாரோ ஒரு சக்கரவர்த்தி கழற்றி விற்றுவிட்டார். இப்போது நாணல்தான். மடத்தைச் சுற்றி முன்பு தெருக்கள் இருந்தன. இப்போது அங்கே வாற்கோதுமை விளைந்தது, மதிலுக்கு உள்ளேயே.

தெக்லா அவருடைய சிஷ்யை. குருவைவிடப் பத்து வயது மூத்தவள். கணவன் இறந்த பிறகு மடத்துக்கு வந்தவள். அரண்மனை எழுத்தர் குடும்பத்தில் பிறந்ததால் பழைய அரசர்களின் கதையெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அன்று இருவரும் ஒரு பலகையில் கல் ஏற்றி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, ஒன்று கேட்கலாமா?"

"கல்லை இறக்கிவிட்டுக் கேள். மூச்சு வாங்குகிறது உனக்கு."

இறக்கினார்கள்.

"எவ்வளவு பெரிய ராஜ்யம் அம்மா இது. டான்யூபிலிருந்து யூப்ரடீஸ் வரைக்கும் நம்முடையது. நம் பொற்காசை வாங்கமாட்டேன் என்று சொன்ன சந்தை கிடையாது. வடக்கே பனி தேசத்து இளவரசர்கள்கூட நம்மிடம் ஞானஸ்நானம் வாங்கினார்கள். கடைசியில் ஒரு மதில்தான் மிச்சம். அதற்கும் கிழவி நான் கல் சுமக்கிறேன். எந்த நாளில் நாம் விழ ஆரம்பித்தோம்?"

"உனக்கு எந்த நாள் என்று தோன்றுகிறது?"

"சிலுவைப்போர்க்காரர்கள் கப்பலில் வந்து நகரத்தைக் கொள்ளையடித்த நாள்."

"அவர்களை அழைத்து வந்தது யார்?"

"நம் இளவரசன்தான். அவன் அப்பாவின் கண்ணைக் குருடாக்கிவிட்டுப் பெரியப்பா சிம்மாசனம் ஏறியிருந்தார்."

"அதற்கு முன்னால்?"

"கிழக்கே துருக்கியரிடம் தோற்றோமே, அந்த நாள். சக்கரவர்த்தியே சிறைப்பட்டார்."

"பின்னால் நின்ற படை என்ன செய்தது?"

"திரும்பிப் போய்விட்டது. அதை நடத்தியவன் வேறு குடும்பம். சக்கரவர்த்தி குடும்பத்துக்கும் அவர்களுக்கும் ஆகாது."

"அதற்கும் முன்னால்?"

தெக்லா பலகையைப் பிடிக்கக் குனிந்தாள்.

"தெரியவில்லை அம்மா."

"சரி, தூக்கு."

அவர்கள் மடத்துக்குத் திரும்பியபோது வாசலில் சத்தம் கேட்டது. வாயில் காக்கும் சகோதரி அன்னா கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் அடைத்து நின்றாள். வெளியே ஓர் இளம்பெண். பெயர் பியான்கா. மேற்கே இத்தாலியில் ஜெனோவா ஊர்க்காரி. தெக்லாவின் தம்பி லியோனுடைய மனைவி.

"மாவைப் புளிக்க வைக்கத் தெரியாத ஊரிலிருந்து வந்தவளுக்கு இங்கே என்ன வேலை?" என்றாள் அன்னா.

"கதவைத் திறக்கத் தெரியாதவர்களிடம் வேலை இல்லை. என் நாத்தனாரைப் பார்க்க வந்தேன்."

மக்ரீனா அம்மாள் அன்னாவின் தோளைத் தொட்டார். அவள் விலகினாள்.

பியான்காவின் மேலாடை முழுக்க இரத்தம் காய்ந்திருந்தது.

"அக்கா, அவர் நின்ற இடத்தில் மதில் சரிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார்."

தெக்லா தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. போன டிசம்பரில் அரண்மனை ஒரு முடிவு எடுத்தது. மேற்கிலிருந்து கப்பலும் படையும் வரவேண்டுமானால் ரோமாபுரிச் சபையோடு இணைந்தாகவேண்டும். பெரிய கோயிலில் இரண்டு சபையாரும் சேர்ந்து பூசை வைத்தார்கள். ரோமாபுரிக்காரர்கள் நற்கருணைக்கு, அதாவது பூசையில் ஆண்டவரின் உடலாக உண்பதற்கு, புளிக்காத ரொட்டி வைப்பவர்கள். கிரேக்கர்கள் புளித்த ரொட்டி வைப்பவர்கள். இதுபோன்ற விஷயங்களுக்காக நானூறு ஆண்டுகளாகச் சண்டை. நகரத்தில் பலர் அன்று கோயிலுக்குப் போகவில்லை. போனவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் மறுத்தார்கள். லியோன் போனான். நற்கருணையும் வாங்கினான். அன்றிலிருந்து தெக்லா தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"தான் செய்தது தப்பு என்று சொல்லட்டும். சொன்ன உடனே வருகிறேன்" என்றாள் தெக்லா.

"இப்போதா அக்கா?"

"இப்போது சொல்லாமல் எப்போது சொல்வான்? அந்த ரொட்டியோடு அவன் ஆண்டவர் முன்னால் போய் நிற்கவேண்டுமா?"

 பியான்கா அவனிடம் அதைக் கேட்கத் திரும்பி ஓடினாள்.

தெக்லா குருவிடம் வந்தாள்.

"போ என்று கட்டளையிடுங்கள் அம்மா. கீழ்ப்படிகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். போய்விடுவேன்."

"மாட்டேன்."

"அப்படியென்றால் போகாதே என்று சொல்லுங்கள்."

"அதையும் சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"உங்கள் இரண்டு பேருக்கு நடுவில் ஏற்கெனவே நிறையப் பேர் நிற்கிறார்கள்."

சாயங்காலம் பியான்கா மறுபடியும் வந்தாள். இந்த முறை அன்னா கதவை முழுக்கத் திறந்தாள்.

"என்ன சொன்னான்?" என்றாள் தெக்லா.

"சிரித்தார். சிரித்தால் வலிக்கிறது, இருந்தாலும் சிரித்தார். 'அக்கா முதலில் வரட்டும். வந்து என் காதைத் திருகட்டும். அப்புறம் என்ன சொல்லச் சொல்கிறாளோ அதைச் சொல்கிறேன்' என்றார்."

 சின்ன வயதில் தெக்லா திருகித் திருகி லியோனின் இடது காது எப்போதும் சிவந்தே இருக்கும். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

"அவன் அப்படித்தான். எதையும் விளையாட்டாக்கிவிடுவான்" என்றாள். "முதலில் சொல்லட்டும்."

"நீங்கள் முதலில் வந்தால் என்ன குறைந்துவிடும்?"

"அது உனக்குப் புரியாது. நீ அந்தச் சபையில் பிறந்தவள்."

"ஆமாம், எனக்குப் புரியவில்லை" என்றாள் பியான்கா. "எங்கள் ஊரிலிருந்து வந்தவர்களும் அந்த மதிலில்தான் நிற்கிறார்கள். சரிந்த கல்லைப் புரட்டி அவரைத் தூக்கியவன் என் அண்ணன். அவன் எந்த ரொட்டி சாப்பிட்டான் என்று கல் கேட்கவில்லை."

அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் யாரும் வரவில்லை. தெக்லா கல் சுமக்கப் போகவில்லை. முற்றத்தைப் பெருக்கினாள். பெருக்கிய முற்றத்தையே மறுபடி பெருக்கினாள்.

"அவள் வரவில்லை" என்றாள் அன்னா.

"நான் கேட்கவில்லையே."

"கேட்கவில்லை. வாசல் பக்கத்து மண்ணைத்தான் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறாய்."

மக்ரீனா அம்மாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்கே அம்மா?"

"லியோன் வீட்டுக்கு."

தெக்லா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அது கீழே விழுந்தது. எடுக்காமல் குருவின் பின்னால் நடந்தாள். வாற்கோதுமை வயலைத் தாண்டியதும் நடையைக் கூட்டினாள். கடைசித் தெருவில் குருவை முந்திக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. லியோனைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, கிழக்கே கால் நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி. பியான்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

தெக்லா தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டாள்.  பிறகு பியான்காவின் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"சொன்னானா?"

"இரண்டும் சொன்னார்" என்றாள் பியான்கா. "நேற்று ராத்திரி, தப்புத்தான் என்றார். விடிகிற நேரத்தில், கப்பல் வந்திருந்தால் யாரும் அதைத் தப்பு என்று சொல்லியிருக்கமாட்டார்கள் என்றார். உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா."

"எனக்கு ஏன் ஆள் அனுப்பவில்லை?"

"அனுப்ப ஆள் இல்லை. நான் வந்திருந்தால் அவர் தனியாகப் போயிருப்பார்."

தெக்லா தன் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். வெளியே பீரங்கி வெடித்தது. கூரையிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து வெள்ளைத் துணியின் மேல் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிட்டாள். இன்னொரு தடவை விழுந்தது. அதையும் தட்டிவிட்டாள்.

மக்ரீனா அம்மாள் ஜெபத்தை முடித்தார். துக்க வீட்டில் வருகிறவர்களுக்காகச் சின்ன மேசையில் சாப்பாடு வைத்திருந்தது. கிரேக்க வழக்கப்படி உலர்திராட்சை போட்டு வேகவைத்த கோதுமை. பக்கத்தில், பியான்கா சுட்ட ரொட்டி. தட்டையாக, புளிக்காமல். அவளுக்கு அப்படித்தான் சுடத் தெரியும். எதையும் யாரும் தொடவில்லை. கிரேக்கர்கள் வந்தார்கள், கும்பிட்டார்கள், ரொட்டியைப் பார்த்தார்கள், நின்றபடியே போய்விட்டார்கள்.

மக்ரீனா அம்மாள் மேசை முன்னால் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு மென்றார்.

தெக்லா எழுந்து வந்தாள்.

"அம்மா, அது..."

"தெரியும்."

"நற்கருணைதானே விலக்கு, சாதாரண ரொட்டி பரவாயில்லை என்கிறீர்களா?"

"நான் எதுவும் சொல்லவில்லை. சாப்பிடுகிறேன்."

"விதி என்று ஒன்று இருக்கிறதே அம்மா. அதற்காகத்தானே நான் இவனை..."

குரு இன்னொரு துண்டு பிட்டார்.

"இனிமேல் நான் இந்த மேசையில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?" என்றாள் தெக்லா. "அவனுக்குத் தெரியவா போகிறது?"

"அவனுக்குத் தெரியாது" என்றார் மக்ரீனா அம்மாள். தலையை அசைத்துச் சுவரோரம் இருந்தவளைக் காட்டினார். "அந்தப் பெண் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. நீ உட்காராமல் சாப்பிடவும் மாட்டாள்."