பதினெட்டடிப் பீரங்கி

இதில் ஒரு பொய்கூட நான் சொன்னதில்லை. சில இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து பேச ஆரம்பித்தால் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த மாதிரி. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். அவர் நாலு பேர் முன்னால் புளுகுவார், நான் குறுக்கே புகுந்து "அது அப்படி இல்லைங்க" என்று உடைத்துவிடுவேன். அவர் முகம் சுண்டிப்போகும். இந்த வருஷம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் சின்ன வயசுக்காரர். கொஞ்சம் யோசித்தார்.

"இந்தத் தவக்காலத்துக்கு நீங்க கறியை விடவேண்டாம்மா, காப்பியையும் விடவேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் உங்க வீட்டுக்காரரை மறுத்துப் பேசாதீங்க. அதுதான் அபராதம்."

காப்பியை விடுவதைவிடச் சுலபம் என்று சந்தோஷமாக வந்தேன். வந்து அதை வீட்டுக்காரரிடமே சொன்னேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு.

எங்கள் மகள் ஜெசிந்தா புதுச்சேரியில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அல்போன்ஸ் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையனின் அப்பா ராயப்பன், சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். "உங்க பக்கத்துச் சதுப்புக்காடு, பழைய கோட்டைமேடு எல்லாம் சுத்திப் பார்த்த மாதிரியும் ஆச்சு, மனுஷங்களைப் பார்த்த மாதிரியும் ஆச்சு" என்று ஒரு சனிக்கிழமை மனைவியோடு வருவதாகச் சொன்னார்.

அன்று காலையில் ஜெசிந்தா போன் செய்தாள். "அம்மா, அவங்க அப்பாவுக்குப் பொய் சொன்னா ஆகாது. ஏற்கெனவே ரெண்டு இடத்தை அதுக்காகவே வேண்டாம்னுட்டார். அப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கம்மா."

எப்படிப் பார்த்துக்கொள்வது? ஜெபமாலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அவர்கள் வந்ததும் எங்கள் வள்ளத்தில் நாலு பேரும் ஏறினோம். என் வீட்டுக்காரர் கழி ஊன்றித் தள்ளினார். ராயப்பன் தோள்பையிலிருந்து நோட்டு, தோல் உறை போட்ட டேப், தூக்குகுண்டு மூன்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரிட்டயர் ஆனாலும் அவை இல்லாமல் வெளியே கிளம்புவதில்லையாம்.

"வாழ்க்கையில ஒரு அங்குலம் கூட்டியும் சொன்னதில்லை, குறைச்சும் சொன்னதில்லை. என்ன செபஸ்தி?" என்றார்.

அவர் மனைவி செபஸ்தியாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இவருக்கு முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸுங்க" என்றார்.

நல்ல அமைதியான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

சுரபுன்னை மரங்களுக்கு நடுவே வாய்க்கால் திரும்பிய இடத்தில் நாரைக் கூட்டம் சேற்றில் நின்றது. இவர் கழியை நிறுத்தினார். என்னை ஒரு தடவை பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார்.

"அந்த ஒத்தைக்கால் நாரை இருக்கே சார், அது பனிநாட்டுலேருந்து வருது. போன தை மாசம் வந்ததும் நேரா நம்ம வீட்டுக் கூரையில இறங்கி, இந்தா இருக்காளே பிலோமி, இவ நல்லா இருக்காளான்னு கேட்டுது."

"நாரை கேட்டுது?"

"வாயால இல்ல சார். தலையை இப்பிடிச் சாய்ச்சு."

ராயப்பன் என் பக்கம் திரும்பினார். "அப்படியா தங்கச்சி?"

மறுக்கக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது. "நாரைங்க வருஷா வருஷம் வருதுங்கண்ணே" என்றேன்.

அவர் நோட்டில் எதையோ எழுதினார். நான் முந்தானை முடிச்சிலிருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் பழைய ஆற்றுத்தடம். இப்போது கோரை முளைத்துக் கிடக்கிறது. ஆறு ஒரு காலத்தில் அங்கேதான் ஓடியது, பிறகு ஒரு பெருவெள்ளத்தில் தெற்கே ஒதுங்கிவிட்டது என்பார்கள். இவர் விடுவாரா?

"ஆறு தானா எங்க சார் ஒதுங்கும்? எங்க பூட்டன் கயிறு கட்டி இழுத்தாரு. வயலுக்குத் தண்ணி எட்டலைன்னு கோவம். ஆறு ஜோடி மாடு, அம்பது பாகம் நீள வடம். காலையில பூட்டுனவரு மத்தியானக் கஞ்சிக்குள்ள ஆத்தைக் கொண்டாந்து வயலோரத்துல போட்டுட்டாரு."

"கயித்தை ஆத்துல எங்கய்யா கட்டினாரு?"

"வளைவுலதான். பின்ன வளைவு எதுக்கு இருக்கு?"

ராயப்பனுக்கு மூச்சு வாங்கியது. "தங்கச்சி?"

"ஆறு அந்த இடத்துல வளைஞ்சுதான் இருக்குங்கண்ணே."

செபஸ்தியாள் சட்டென்று தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஏதோ தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

கோட்டைமேட்டுக்கு எதிரே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. கோட்டை என்று இப்போது ஒன்றும் இல்லை. நாலு வரிசைச் செங்கல், ஒரு பொந்து விழுந்த சுவர். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்ட காலத்தில் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள்.

"கடல்லேருந்து கப்பல்காரன் குண்டு போடுறான் சார். எங்க பூட்டன் அப்பத்தான் இறாலுக்குக் கைவலை போட்டுக்கிட்டு நிக்கிறாரு. வலையில குண்டு விழுந்துச்சு. இது நமக்கு ஆவாதுன்னு திருப்பி எறிஞ்சாரு. அவன் மறுபடி போட்டான். இவரு மறுபடி எறிஞ்சாரு. ஒரே குண்டு, மூணு நாள் போக வர இருந்துச்சு. கடைசியில தேஞ்சு எலுமிச்சங்காய் அளவு ஆயிட்டுது. கப்பல்காரனுக்கே வெக்கமாப்போயித் திரும்பிட்டான்."

"அந்தக் குண்டு எங்க?"

"எங்க வீட்ல ரசத்துக்கு மிளகு நசுக்குறது எதுலன்னு நினைச்சீங்க?"

"தங்கச்சி!"

"எங்க வீட்டு ரசத்துல மிளகு தூக்கலாத்தாங்க இருக்கும்."

ராயப்பன் நோட்டைப் பட்டென்று மூடினார். "இதோ பாரு சவரிமுத்து. எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு, தங்கச்சியையும் பிடிச்சிருக்கு. ஆனா உன் வாயிலேருந்து காலையிலேருந்து ஒரு உண்மை வரலை. இந்த வீட்டுல எப்படிய்யா சம்பந்தம் பண்றது?"

வள்ளம் கரையில் தட்டி நின்றது. இவர் முகம் வாடிவிட்டது. என் கண்ணுக்குள் ஜெசிந்தாதான் நின்றாள். மாதாவே, இந்த மனுஷன் இனியாவது பேசாமல் இருக்கட்டும் என்று வேண்டினேன். மாதா அப்போது வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும்.

"உண்மைதானே சார் வேணும்? அந்தப் பீரங்கியைப் பாருங்க" என்றார் இவர்.

மேட்டோரச் சேற்றில் ஒரு பழைய பீரங்கி வாயை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் புதைந்து கிடக்கும். வெளியே தெரிவது ஆறடி.

"வெளியில ஆறடி. உள்ள பதினெட்டடி. அந்தக் காலத்து வார்ப்பு அப்பிடி."

ராயப்பன் என்னிடம் வந்து நின்றார். குரல் தணிந்திருந்தது. "நீ செபம் பண்றவ. உன் வார்த்தையை நான் நம்புறேன். இதுவாவது நிஜமா, சொல்லு."

எனக்கு நிஜம் தெரியும். நண்டு பிடிக்கப் போகிற எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்குமே தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் அபராதம் போச்சு. திறக்காவிட்டால் மகள் வாழ்க்கை போச்சு.

"உங்ககிட்டத்தான் டேப் இருக்கேண்ணே" என்றேன். "அளந்து பாருங்களேன்."

டேப் நுனியில் தூக்குகுண்டைக் கட்டிப் பீரங்கி வாய்க்குள் இறக்கினார். ஆறடி போனது. எட்டடி போனது. அவர் நெற்றி சுருங்கியது. பன்னிரண்டு. பதினைந்து. டேப் மெதுவாக, ஆனால் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. பத்தொன்பதரை அடியில் நின்றது.

ராயப்பன் குனிந்து எண்ணை இரண்டு தடவை படித்தார். ஒரு கூழைக்கடாப் பறவை தண்ணீரில் தொப்பென்று இறங்கியது.

"ஒன்றரை அடி குறைச்சுத்தான் சொன்னேன்" என்றார் இவர். "ரொம்பப் பெருமை அடிச்சுக்கக் கூடாது பாருங்க."

ராயப்பன் டேப்பைச் சுற்றி எடுத்தார். குண்டு முழுக்கக் களிச்சேறு, அதைக் கவ்விக்கொண்டு ஒரு நண்டு வேறு. நண்டை உதறினார், குண்டைத் துடைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. பீரங்கியின் பின்பக்கம் துருப்பிடித்து விட்டுப்போய் எத்தனையோ காலம் ஆயிற்று. அதற்குக் கீழே இருப்பது கஞ்சி மாதிரிச் சேறு. கனமான எதை விட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். அவர் தன் டேப்பை அப்படி நம்புகிறவர். "பத்தொன்பதரை" என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.

திரும்பும்போது ராயப்பன் நோட்டைத் திறந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி" என்றார்.

எனக்கு உயிர் வந்தது.

"சம்பந்தி, இதையெல்லாம் யார்கிட்டயும் சொன்னா நம்பமாட்டாங்கன்னுதான் நான் வெளியில சொல்றதில்லை. ஒரு தடவை ஒரு ஏரியை அளக்கப் போனேன். என் அளவுச் சங்கிலியைப் பார்த்ததும் ஏரி மூச்சை உள்ள இழுத்துக்கிச்சு. தண்ணியெல்லாம் உள்ள போயி நாலு பக்கமும் தரைதான் தெரியுது. நான் அசரலையே. பாயைப் போட்டு உக்காந்துட்டேன். எத்தனை நாள் அடக்கும்? மூணாம் நாள் விட்டுது பாருங்க ஒரு மூச்சு, நான் பாயோட மிதந்துக்கிட்டேதான் மறுகரை வரைக்கும் அளந்தேன்."

என் வீட்டுக்காரர் கழியை ஊன்ற மறந்து நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார். "ஏரி எப்படிங்க மூச்சை இழுக்கும்?"

"நம்பிக்கை இல்லைன்னா இவளைக் கேளுங்க. சொல்லு செபஸ்தி."

செபஸ்தியாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஊர்ல ஏரி இருக்குங்க" என்றார்.

நான் மெல்ல நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க பங்குச் சாமியாரும் இதே அபராதம்தான் போட்டாரா?"

"சாம்பல் புதன்லேருந்துக்கா." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு ஒரு பூட்டன்தானே? எனக்கு எழுபத்தாறு ஏரி."

அந்தப் பக்கம் ஆண்கள் இருவரும் தேதி பேசிக்கொண்டிருந்தார்கள். "எதா இருந்தாலும் ஈஸ்டர் முடியட்டும்" என்றார் ராயப்பன்.

"முடியட்டும்" என்றோம் நாங்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

அதற்குப் பிறகு கரை வந்து சேரும்வரை வள்ளத்தில் யாரும் புளுகவில்லை.