வாய் பிளந்த ஷூவும் ஆறு உரிமைகளும்

எட்டாங்குறிச்சிக்காரர்களைப் பற்றி வெளியூரில் நாலு விதமாகப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்கிறவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்? அவர்கள் செய்வார்கள். அதனால் அவர்களும் கஷ்டப்பட்டு அடுத்தவர்களையும் கஷ்டப்படுத்துவார்கள், அது வேறு விஷயம்.

அந்த ஊர் குத்தாலிங்கத்துக்கு டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வாசல் காவலாளி வேலை கிடைத்தது. நாலு வருஷமாக வேலை தேடி அலுத்துப்போன மனுஷர். "திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கறுப்பு ஷூ போட்டு வந்து நிக்கணும். ஷூ சரியில்லன்னா வந்த வழியே திருப்பி அனுப்பிருவேன்" என்று அந்தக் கடை சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். குத்தாலிங்கத்தின் மனைவி செண்பகம் அதைவிடக் கறார். "இந்த வேலையும் போச்சுன்னா அப்படியே எங்கயாவது போயிருங்க. வீட்டுப் பக்கம் வராதீய" என்றாள். 

வெள்ளிக்கிழமை கூட்டாளிகள் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ஷூ வாங்கினார். ஆவுடையப்பன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர், எட்டாம் வகுப்பை மட்டும் மூன்று தடவை படித்தவர். அதனால் பில்லை அவர் வைத்துக்கொண்டார். மாடசாமி கோழி வளர்க்கிறவர். அட்டைப் பெட்டி கெட்டியாக இருக்கிறது என்று அதை அவர் எடுத்துப் போய், பதினொரு முட்டையோடு கோழியை அடைவைத்துவிட்டார். இசக்கிமுத்துவுக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் யோசனை சொல்கிறவர் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை காலையில் குத்தாலிங்கம் ஷூவை மாட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலிலேயே காவலாளி மாதிரி நின்று பழகினார். கூட்டாளிகள் வாடிக்கையாளர்களாக உள்ளே போய் வந்தார்கள். நாலாவது சல்யூட்டுக்குக் காலைத் தட்டியதும் வலது கால் ஷூ வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

ஆவுடையப்பன் வீட்டுக்கு ஓடிப் போய் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார். நுகர்வோர் உரிமைக் கையேடு. ரேஷன் கடை முன்னால் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சுண்டல் கொடுப்பார்கள் என்று போனவருக்குக் கிடைத்தது இது.

"அசையாதேயும் வே" என்றார் ஆவுடையப்பன். "'குறை கண்டவுடன் பொருளைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்'னு போட்டிருக்கு. நடந்தீருன்னா உரிமை போச்சு."

குத்தாலிங்கம் சல்யூட் அடித்த கையைக்கூட இறக்காமல் நின்றார். "அப்ப கழட்டிரட்டுமா?"

"கழட்டணும்னா ஷூவுக்குள்ள கால அசைக்கணும். அதுவும் பயன்பாடுதான்."

இசக்கிமுத்து தாடையைத் தடவினார். "குறை வலது ஷூவுலதான. இடது ஷூவைப் பயன்படுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. ஆகவே குத்தாலிங்கம் வலது காலை மடக்கிக்கொண்டு இடது காலால் நொண்டியடித்தபடி பஸ் நிறுத்தத்துக்குப் புறப்பட்டார். பாதி வழியில் இடது ஷூவும் வாயைப் பிளந்தது. இரண்டு ஷூவும் ஒரே மாதிரி பிளந்ததில் இசக்கிமுத்துவுக்குத் திருப்தி. கம்பெனி ஓரவஞ்சனை செய்யவில்லை என்றார்.

இனி எந்தக் காலையும் ஊன்ற வழியில்லை. டீக்கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரவல் வாங்கி, குத்தாலிங்கத்தை உட்கார வைத்துத் தூக்கினார்கள். அப்போதுதான் ஆவுடையப்பன் அடுத்த வரியைப் படித்தார்: "பில், பெட்டி ஆகியவற்றுடன் கடையை அணுகவும்."

மாடசாமிக்கு முகம் சுருங்கியது. "பொட்டியில கோழி அடைகாக்குல்லா. இருபத்தோரு நாளு ஆவும். எழுப்பினா முட்டை கூமுட்டையாயிரும்."

"கோழியை எழுப்பணும்னு சட்டம் சொல்லலை. பொட்டியைக் கொண்டு வரச் சொல்லுது" என்றார் இசக்கிமுத்து.

அப்படியாக, நாற்காலியில் குத்தாலிங்கம், அவர் மடியில் பெட்டி, பெட்டியில் கோழி, கோழிக்கு அடியில் முட்டை என்று ஊர்வலம் பஸ் ஏறியது. யாரோ பெரிய நோயாளி என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். குத்தாலிங்கம் நன்றி சொல்லிவிட்டு நாற்காலியிலேயே இருந்துகொண்டார்.

செருப்புக்கடை அண்ணாச்சிக்கு முதலில் எது புகார், எது கோழி என்று பிடிபடவில்லை. விவரம் சொன்னார்கள். அண்ணாச்சி ஷூவைக் கழற்றப் போனதும் மாடசாமி பதறினார். ஆவுடையப்பன் அவரைத் தடுத்தார். "கடைக்காரர் கழட்டினா அது பயன்பாடு இல்ல வே, பரிசோதனை."

அண்ணாச்சி பரிசோதித்தார். அவர் கடையில் இந்தப் பிளவு புதிதல்ல. சுவரைப் பார்த்து விரலை நீட்டினார். அங்கே ஒரு பலகை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது."

ஆவுடையப்பன் நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். "இந்த மாதிரி பலகை சட்டப்படி செல்லாதுன்னு இதுல போட்டிருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி பலகையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு இசக்கிமுத்து அண்ணாச்சியின் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒம்மையும் ஏமாத்திட்டானுவளே அண்ணாச்சி."

"யாரு ஏமாத்தினா?"

"இந்தப் பலகையை வித்தவன். செல்லாத பலகையை ஒம்ம தலையில கட்டியிருக்கான். நாங்களாவது நேத்துத்தான் ஏமாந்தோம். நீரு எத்தனை வருசமா இதை மாட்டி வச்சிருக்கீரு, பாவம்."

"எட்டு வருசம்" என்று அண்ணாச்சி வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

எட்டாங்குறிச்சிக்காரர்கள் மனசு இளகினவர்கள். அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்தால் தங்கள் கஷ்டம் மறந்துபோகும். மாடசாமி ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். ஆவுடையப்பன் கல்லாப்பெட்டி மேல் இருந்த தாளை எடுத்து, அண்ணாச்சிக்காகப் புகார் எழுத உட்கார்ந்துவிட்டார்.

"பாதிக்கப்பட்ட நுகர்வோர் பேரு என்ன அண்ணாச்சி? மன உளைச்சல்னு ஒரு வரி சேத்துக்கிடுதேன். இந்தப் பலகையைக் காட்டி நீரு திருப்பி அனுப்பின ஆளுகளை எல்லாம் தேடிப் பிடிச்சு சாட்சிக்குக் கூட்டியாறது எங்க பொறுப்பு. பலகை செல்லலைன்னு நீரும் கூண்டுல ஏறிச் சொல்லணும்."

அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது. முப்பது வருஷ வியாபாரத்தில் சண்டை போட்டவர்களைச் சமாளித்திருக்கிறார். தனக்காகச் சண்டை போட வந்தவர்களை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. மளமளவென்று புது ஜோடி ஷூவை எடுத்து வந்து, தன் கையாலேயே குத்தாலிங்கத்தின் காலில் மாட்டிவிட்டார். "இதைப் போட்டுக்கிட்டு நல்லபடியா போயிட்டு வாருங்க, ஐயாமார்களே."

நல்ல ஷூ. குத்தாலிங்கம் எழுந்து நடந்து பார்த்தார், குதித்துப் பார்த்தார், ஆறு சல்யூட் அடித்துப் பார்த்தார். ஷூ பிளக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அன்றைய நாளில் அதுதான் முதல் சிரிப்பு. இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இசக்கிமுத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆவுடையப்பண்ணே, குறையுள்ள பொருள் வாங்கினவனுக்கு எத்தனை உரிமை?"

"திருப்பிக் குடுக்கலாம், மாத்திக்கிடலாம், பழுது பாக்கச் சொல்லலாம், முறையிடலாம், நட்ட ஈடு கேக்கலாம், வழக்குப் போடலாம். ஆறு."

"குறையே இல்லாத பொருள் வாங்கினவனுக்கு?"

ஆவுடையப்பன் கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பின்னட்டையையும் பார்த்தார். "ஒண்ணும் போடலை" என்றார் மெதுவாக.

குத்தாலிங்கத்தின் சிரிப்பு மறைந்தது. காலையில் ஆறு உரிமையோடு கிளம்பியவர், இப்போது ஒன்றுமில்லாமல் நிற்கிறார். நாலு பேரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். மனுஷன் நைசாகக் காரியத்தை முடிக்கப் பார்த்திருக்கிறார்.

"இந்த ஷூ எங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. எங்க ஷூவையே குடுத்துரும்" என்றார் இசக்கிமுத்து.

 அண்ணாச்சி பழைய ஷூவைத் துடைத்து, இந்த முறையும் தன் கையாலேயே மாட்டிவிட்டார். பெட்டியில் கோழி இருந்ததால் ஷூவை வைக்கக் காலை விட்டால் வேறு இடமும் இல்லை. நாற்காலி மறுபடி தோளுக்கு ஏறியது. அண்ணாச்சி தெருமுனை வரை வந்து வழியனுப்பினார்.

திங்கள்கிழமை எட்டு மணி. ஜவுளிக்கடை வாசலில் நாற்காலி இறங்கியது. சூப்பர்வைசர் இரண்டு ஷூவையும் பார்த்தார், இரண்டு கட்டைவிரலையும் பார்த்தார்.

"இது ஷூவா? இந்த ஆளு எங்களுக்கு வேண்டாம். திருப்பிக் கூட்டிட்டுப் போங்க."

 குத்தாலிங்கத்துக்கு நாலு வருஷமும் செண்பகத்தின் முகமும் கண்முன்னால் வந்து நின்றன. ஆவுடையப்பன் மட்டும் கலங்கவில்லை. அவர் கையேட்டை விரித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாராளமா திருப்பித் தரலாம் ஐயா. அது ஒங்க உரிமை. ஆளுல என்ன குறை?"

"ஷூவுல குறை."

"அதை ஷூக்கடையில சொல்லணும். ஆளுல என்ன குறை?"

சூப்பர்வைசர் குத்தாலிங்கத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நல்ல உயரம், முறுக்கிய மீசை. "ஆளுல ஒண்ணும் இல்ல" என்றார்.

"போகுது, பழகின ஆளு நீங்க, எடுத்துக்கிடுதோம். பில்லைக் குடுங்க" என்றார் ஆவுடையப்பன், கடைக்காரர் மாதிரி.

"எந்த பில்லு?"

"ஆளை எடுத்ததுக்கான பில்லு. பில்லு இல்லாம யாரு திருப்பி எடுப்பா?"

"பொட்டியும் வேணும்" என்றார் இசக்கிமுத்து.

"பொட்டி என் வீட்டுலல்லா இருக்கு" என்று மாடசாமி நினைவுபடுத்தினார்.

"அது ஷூ வந்த பொட்டி வே. ஐயாகிட்ட கேக்கது ஆளு வந்த பொட்டி."

சூப்பர்வைசர் திரும்பிக் கடைக்குள் போய்விட்டார். அந்த நேரம் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வேனில் வந்து இறங்கியது. குத்தாலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு சல்யூட் அடித்தார். வந்தவர்கள் மகிழ்ந்துபோய் உள்ளே போனார்கள். அடுத்து ஒரு கூட்டம், அடுத்து ஒரு சல்யூட். மத்தியானம் ஆயிற்று, சாயங்காலம் ஆயிற்று, குத்தாலிங்கம் வாசலில்தான் இருந்தார்.

சூப்பர்வைசர் அன்று முழுவதும் வாசல் பக்கம் வரவில்லை. கிடங்கில் ஒவ்வொரு அட்டைப் பெட்டியாக இறக்கி, ஒரு ஆள் உட்காரும் அளவு இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.