நாவல் மரத்தடி வளைவு

குளத்துக்குப் போகும் காட்டுத் தடத்தில் மலையன் என்ற காட்டெருமை தடதடவென்று ஓடிவந்தது. முதுகில் ஒரு மைனா. அது நரியைப் போலவே ஊளையிட்டுக் காட்ட, மலையன் தலையைத் திருப்பிக் கெக்கெக்கே என்று சிரித்தது.

அந்த நேரம் பார்த்து, நாவல் மரத்தடி வளைவில் உருண்டோடிய ஒரு நாவல்பழத்தைத் துரத்திக்கொண்டு மான்குட்டி மின்னி குறுக்கே வந்தது.

மளுக்! மலையனின் குளம்பு பட்டு மின்னியின் முன்னங்கால் முறிந்துவிட்டது.

தாய்மான் செவந்தி ஓடிவந்தது. கடும் கோடை. கால் ஊன்ற முடியாத குட்டி குளத்துக்கு எப்படிப் போகும்? தண்ணீரில்லாமல் எத்தனை நாள் தாங்கும்? நொண்டிய குட்டியோடு, பக்கத்திலேயே இருந்த, காட்டு வழக்குகளைத் தீர்க்கும் கிழ ஆமையாரிடம் போய் முறையிட்டது.

ஆமையார் அழைத்ததும் மலையன் வந்து நின்றது; அதற்காக மைனா பேசியது. "குட்டி குறுக்கே பாய்ந்தால் அண்ணன் என்ன செய்வார்? இந்தம்மா அப்ப என்ன பண்ணிட்டிருந்தாங்களாம்? இப்ப மட்டும், ஐயோ என் குழந்தே!" என்று செவந்தியின் குரலிலேயே அழுது காட்டியது.

வழக்குக் கேட்க வந்திருந்த மிருகக் கூட்டம் சிரித்தது. செவந்தி தலைகுனிந்தது. "ஒரு வாய் புல் கடிக்கத் திரும்பினேன், உண்மைதான்," என்று முனகியது. 'எல்லாம் என் தப்போ?'

ஆமையார் மெல்லக் கேட்டார். "மலையா, அந்த வளைவு உனக்குப் புதுசோ?"

"புதுசா! கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் ஐயா!"

"பழம் பழுத்தால் அங்கே குட்டிகள் வருமோ?"

"வராமலா! தினமும் பத்துப் பதினைஞ்சு உருண்டு புரளும். எனக்குத் தெரியாதா?"

"வாயை மூடுண்ணே!" என்று மைனா காதைக் கொத்தியது. காலம் கடந்துவிட்டது.

"தெரிந்துமா ஓடினாய்? தெரிந்துமா தலையைத் திருப்பினாய்?"



"மாமா, இனிமே நான் பழம் பொறுக்க மாட்டேன்," என்றது மின்னி, மலையனைப் பார்த்து. "எனக்குத் தண்ணி மட்டும் வேணும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"செவந்தி, ஒரு வாய் புல் தின்றது குற்றமில்லை," என்றார் ஆமையார். "மலையா, கால் கூடும்வரை தினமும் இவளை முதுகில் ஏற்றிக் குளத்துக்குக் கொண்டுபோ. நடந்து போ!"

மலையன் அங்கேயே முழங்காலிட்டுப் படுத்தது. செவந்தி குட்டியை முட்டி முட்டி மேலே ஏற்றிவிட்டது.

குழந்தை குழந்தையாகத்தான் ஓடும். கண்ணைத் தடத்தில் வைக்க வேண்டியது பெரிய உடம்போடு வேகமாக வருகிறவன்தான்.